மடிப்பாக்கத்தில் ஒரு வீடு: பிளானில் பேசியதும் செக்‌ஷனில் முடிவானதும்

மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்ட் மனையில், அதாவது 2,400 சதுர அடியில், பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டப்பட்ட தனிவீடு ஒன்றின் வடிவமைப்பு எப்படி நடந்தது என்பதை இந்த ஆய்வு விவரிக்கிறது. ஆர்க்கிடெக்டோடு பேச்சு 2021-இல் தொடங்கியது; 2023-இன் நடுவில் கிரகப்பிரவேசம் நடந்தது; அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை வந்து, வரைபடத்தில் எழுதியிருந்தவற்றையெல்லாம் சரிபார்த்துவிட்டுப் போனது. வீட்டாரும் ஆர்க்கிடெக்டும் காட்டிய வரைபடங்கள், கூட்டக் குறிப்புகள், அளவுப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு இது எழுதப்படுகிறது. பெயர்களும் தெருவும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி தவிர்க்கப்பட்டுள்ளன.

சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் ஆர்க்கிடெக்டோடு உட்காரும் நேரத்தில் பெரும்பகுதி பிளானுக்கே போய்விடுகிறது. எந்த அறை எந்த மூலையில், எத்தனைக்கு எத்தனை, வாசல் எந்தப் பக்கம் என்ற கேள்விகள் தீர்ந்தால் வடிவமைப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் செக்‌ஷன் வரைபடத்தை, அது என்ஜினீயர் சமாச்சாரம் என்று புரட்டிவிடுகிறோம். இந்த வீட்டில் காற்று, வெயில், தண்ணீர் மூன்றுக்கும் விடை அந்தத் தாளில்தான் கிடைத்தது. பிளானில் நடந்த நீண்ட வாதங்கள் பலவும் அங்கே வந்தபிறகே தீர்ந்தன.

மனையும் குடும்பமும்

மடிப்பாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பகுதி. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போக வேண்டும். இடையில் இப்போது தெருக்கள் இருக்கின்றன. 2015 டிசம்பரில் இந்தத் தெருவுக்குள்ளும் தண்ணீர் வந்தது.

பழைய வீடு 1990-களில் கட்டிய ஒற்றைத் தளம். கட்டியபோது சாலையை விட ஒன்றரை அடி உயரத்தில் இருந்த அதன் தரை, சாலைக்கு மேல் சாலையாகப் போட்டுக்கொண்டே வந்ததில், 2021-இல் சாலையை விட 15 செ.மீ. தாழ்ந்து கிடந்தது. பழைய தார்த் தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று அந்த ஆண்டு தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார் என்றாலும், ஏற்கெனவே ஏறிவிட்ட சாலை இறங்கப் போவதில்லை. வீட்டில் எழுபதைக் கடந்த தாயார், அவருடைய மகன், மருமகள், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். தாயாருக்கு மூட்டுவலி. மேற்கு மாம்பலத்தில் இருக்கும் சித்தப்பா வாஸ்துவும் மனையடி சாஸ்திரமும் அறிந்தவர். குடும்பத்தில் அவர் சொல்லைத் தட்டுவதில்லை.

மனை வடக்குப் பார்த்தது. முகப்பு 40 அடி, ஆழம் 60 அடி. வீட்டின் நீண்ட பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்த்தாக வேண்டும் என்பது மனையே விதித்த நிபந்தனை.

ஆர்க்கிடெக்டைத் தேர்ந்தது

முதலில் அணுகிய பில்டர் ஒருவர், கட்டுமான வேலையைத் தனக்குக் கொடுத்தால் பிளான் இலவசம் என்றார். சென்னையில் பெரும்பாலான தனிவீடுகள் இப்படித்தான் பிறக்கின்றன என்பதால் அதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் வரைகிறவரும் கட்டுகிறவரும் ஒருவரே ஆகும்போது, கட்டுமானம் வரைபடத்தின்படி நடக்கிறதா என்று கேட்பதற்கு வீட்டாரின் பக்கம் ஆள் இருப்பதில்லை. மருமகள் இந்த ஒரு காரணத்தை முன்வைத்துத்தான் தனி ஆர்க்கிடெக்ட் வேண்டும் என்று வாதாடினார்.

1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவரே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ள முடியும். அந்தச் சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறது, வீடு வரையும் வேலையைப் பிறர் செய்வதைத் தடுக்கவில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே பிளான் வரைந்து தருகிற எல்லோரும் கவுன்சிலின் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். 1989-இல் வந்த அந்த விதிகளில் வீட்டாருக்கு மிகவும் பயன்படுவது, ஆர்க்கிடெக்ட் ஒப்பந்ததாரரிடமோ பொருள் விற்பவரிடமோ கமிஷன் வாங்கக் கூடாது என்பதாகும். டைல்ஸ் கடைக்கும் சானிட்டரி கடைக்கும் யார் அழைத்துப் போனாலும் அவர் பெயரில் ஒரு பங்கு ஒதுங்கிவிடும் ஊரில் இது சிறிய விஷயமில்லை.

குடும்பம் தேர்ந்தெடுத்தவர் நாற்பதுகளில் இருக்கும் பெண் ஆர்க்கிடெக்ட். தனியாகச் சிறிய அலுவலகம் நடத்துகிறவர். பதிவு எண்ணைச் சரிபார்த்ததோடு நிற்காமல், அவர் முன்பு கட்டிக்கொடுத்த வீடு ஒன்றுக்கும் நேரில் போனார்கள். புதிதாக முடித்த வீட்டைக் காட்டாமல் ஏழெட்டு மழைக்காலம் கண்ட வீட்டைக் காட்டியது அவருடைய தேர்வு. கட்டணம் வேலை மதிப்பில் குறிப்பிட்ட சதவீதமாகவும், கருத்து வரைவு, அனுமதி வரைபடம், கட்டுமான வரைபடங்கள், மேற்பார்வை என்று நிலை நிலையாகவும் பிரிக்கப்பட்டது. ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயருக்கான கட்டணம் இதில் சேராது என்பதும், வாரத்துக்கு எத்தனை முறை தளத்துக்கு வருவார் என்பதும், ஒப்புதல் தந்த பிளானை மாற்றினால் கூடுதல் கட்டணம் உண்டா என்பதும் கடிதத்திலேயே எழுதப்பட்டன. இந்த மூன்றும் எழுதப்படாத இடங்களில்தான் பின்னாளில் மனக்கசப்பு வருகிறது.

அறைகளைக் கேட்காத முதல் கூட்டம்

முதல் கூட்டத்துக்கு மகன் ஒரு பட்டியல் கொண்டுபோனார்: மூன்று படுக்கையறை, ஒரு ஹால், பூஜை அறை, அலுவலக அறை, இரண்டு கார். ஆர்க்கிடெக்ட் அதை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டில் ஒவ்வொருவரும் காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை எங்கெங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று எழுதித் தரச் சொன்னார். தாயார் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதிய தாள்கள் இன்னும் கோப்பில் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காதவை பல: கோலம் போட்டுவிட்டுக் கால் கழுவ வாசலருகே ஒரு குழாய், சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஹால் வழியாக வராமல் அடுப்படிக்குப் போக ஒரு பாதை, பித்தளைப் பாத்திரங்களைப் போட்டுத் தேய்க்கத் தாழ்வான தொட்டி, நவராத்திரிக்குப் படி கட்ட எட்டடி அகலச் சுவர், பொம்மைப் பெட்டிகள் ஆண்டு முழுக்க இருக்க ஒரு லாஃப்ட், வடாம் பிழிந்து காயவைக்க, மொட்டை மாடிவரை ஏறாமல் எட்டக்கூடிய வெயில் இடம்.

கடைசியாகச் சொன்னது வீட்டின் உருவத்தையே மாற்றியது. கிழக்குப் பக்கத்தில் முதல் தளம் முழுவதையும் மூடாமல், தாயார் ஒரே மாடி ஏறினால் போதும் என்றபடி ஒரு திறந்த தளம் விடப்பட்டது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி இந்த மனையில் தளப் பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளங்களும் சேர்ந்து மனைப் பரப்பைப் போல் இரு மடங்கு. கணக்குப்படி 4,800 சதுர அடிவரை எழுப்பலாம். உறவினர் ஒருவர் முழுவதையும் கட்டி மேல் தளத்தை வாடகைக்கு விடச் சொன்னார். குடும்பம் 2,600 சதுர அடியோடு நிறுத்திக்கொண்டது. விதி அனுமதிப்பதையெல்லாம் கட்டித் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம்தான் சென்னைத் தெருக்களைக் காற்றுப் புகாத சந்துகளாக்கியது என்பது என் கருத்து. இந்த வீட்டாருக்கு அந்தச் சபலம் வராமல் தடுத்தது வடாம்தான்.

மட்டம்

தரையை எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்விக்கு வழக்கமான விடை ஒன்று உண்டு. ஒப்பந்ததாரர்களின் சதுர அடி ரேட்டில் இரண்டு அல்லது மூன்று அடி பேஸ்மென்ட், அதாவது வீட்டுத் தரையை உயர்த்தும் அடிமேடை, சேர்ந்திருக்கும். வேண்டுமானால் கூடுதல் அடிக்குக் கூடுதல் பணம். வீட்டார் இரண்டடி போதும் என்றே நினைத்திருந்தார்கள், ஏனென்றால் தாயாரின் முழங்கால் எத்தனை படி தாங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆர்க்கிடெக்ட் இடிப்பதற்கு முன் பழைய வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பின்னறையில் பீரோவை நகர்த்தியபோது, 2015-க்குப் பிறகு வெள்ளையடிக்காமல் விட்ட சுவர்ப் பகுதியில் பழுப்பு நிறக் கறை ஒன்று கோடு போட்டதுபோல் ஓடியது. அதன் உயரம் உள்தரையிலிருந்து 80 செ.மீ. மேஸ்திரி, தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவலை எடுத்துவந்து, குழாயின் ஒரு முனையைக் கறைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை வாசல் வழியாகத் தெருவின் எதிர்ப்புறத்து மின்கம்பம்வரை இழுத்தார். குழாயில் குமிழி இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் ஆடி அடங்கக் காத்திருந்து, கம்பத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். கோடு சாலை மட்டத்துக்கு மேல் 65 செ.மீ. இருந்தது. சாலைக்கும் பழைய தரைக்கும் இருந்த 15 செ.மீ. வித்தியாசத்தோடு கணக்கு ஒத்துப்போனது. அன்றிலிருந்து எல்லா வரைபடங்களிலும் அந்த 65 ஒரு புள்ளிக்கோடாக இடம்பெற்றது.

வீட்டின் தரை சாலையிலிருந்து 120 செ.மீ., அதாவது சுமார் நான்கடி, என்று முடிவாயிற்று. வெள்ளக் கோட்டுக்கு மேல் 55 செ.மீ. இடைவெளி எதற்கு என்று மகன் கேட்டார். 2015-க்குப் பிறகு தெருவில் கட்டிய வீடுகளெல்லாம் மனையை மண் கொட்டி மேடாக்கியிருக்கின்றன; முன்பு அந்த மனைகளில் தேங்கிய தண்ணீர் இனி தெருவில்தான் நிற்கும்; அதே மழை பெய்தாலும் நீர்மட்டம் கூடும் என்பது ஆர்க்கிடெக்டின் விடை. இதே காரணத்துக்காக அவர் இந்த மனையை மேடாக்க மறுத்துவிட்டார். வீடு மட்டும் உயரும், சுற்றியுள்ள முற்றம் சாலையை ஒட்டியே இருக்கும், மழைநீர் அங்கே நின்று போகும். கார்கள் நனையுமே என்ற கேள்விக்கு விடை எளிது: காரை நகர்த்தலாம். மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்தும் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்கடி என்றால் 15 செ.மீ. உயரத்தில் எட்டுப் படிகள். சாய்தளம் அமைத்தால் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் 14.4 மீட்டர் நீளம் வேண்டும்; மனையின் மொத்த ஆழமே 18.3 மீட்டர். ஆகவே படிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. நான்கு படி ஏறினால் கூரையிட்ட திண்ணை. அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் நான்கு படி ஏறினால் தலைவாசல். வடகிழக்குப் பருவமழை நேராக முகத்தில் அடிக்கும் வடக்கு வாசலுக்கு எப்படியும் ஆழமான கூரை தேவை என்பதால் திண்ணைக்குத் தனிச் செலவு ஆகவில்லை. இருபுறமும் கைப்பிடி. இதற்கு மேல் ஒரு முன்னேற்பாடாக, ஐந்துக்கு ஐந்தடி இடம் ஒன்று இரண்டு தளங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விடப்பட்டு, சுற்றிலும் பீம் கொடுத்து, நடுவில் மட்டும் எளிதில் உடைத்தெடுக்கக் கூடிய மெல்லிய ஸ்லாப் போடப்பட்டது. இன்று அது துணி அலமாரி. என்றாவது லிஃப்ட் வைக்கலாம்.

வெள்ளக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகச் சரிபார்த்தார்கள். மின் மீட்டர் திண்ணைச் சுவரின் மேற்பகுதிக்கும், இன்வெர்ட்டரும் மோட்டார் ஸ்டார்ட்டரும் மாடிப்படித் திருப்பத்துக்கும் ஏறின. கீழ்த்தளச் சுற்று தனி ஸ்விட்சில் பிரிந்தது. தெருவுக்குப் பாதாளச் சாக்கடை அப்போது வராததால் செப்டிக் டேங்க் கட்ட வேண்டியிருந்தது. கீழ்த்தளக் கழிப்பறைகள் கோட்டுக்கு மேலே இருப்பதால் கழிவு பின்னோக்கிப் பொங்காது. நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடி சாலையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று குறிக்கப்பட்டது. இந்தக் கடைசிக் குறிப்பைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

மண் பரிசோதனையில் மேலே நிரப்பு மண்ணும் அதற்குக் கீழே களிமண்ணும் வந்தன. 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து எத்தனை முறை விழுந்தால் குழாய் 30 செ.மீ. இறங்குகிறது என்று எண்ணும் சோதனை அது. மேலடுக்கில் சுத்தியல் சில முறை விழுந்ததுமே குழாய் இறங்கிவிட்டது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண்ணுக்கு ஏற்றபடி, அடியில் தண்டைப் போல் இரண்டரை மடங்கு விட்டத்தில் குடம்போல் விரியும் அண்டர்-ரீம்டு பைல்களை, அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்களை, ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் தேர்ந்தார். நான்கடி நிரப்பு மண்ணை ஒரே மூச்சில் கொட்டாமல் முக்காலடி அடுக்குகளாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தரை டைல்ஸ் இறங்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் காரணம் அந்த இடத்தில் காட்டிய அவசரம்.

அக்னி மூலையும் கடற்காற்றும்

சித்தப்பா சொன்ன ஏற்பாட்டில் அக்னி மூலையான தென்கிழக்கில் அடுப்படி, தென்மேற்கில் பெரிய படுக்கையறை, ஈசானி மூலையான வடகிழக்கில் சம்ப், வாயு மூலையான வடமேற்கில் செப்டிக் டேங்க். ஆர்க்கிடெக்டுக்கு இதில் ஒன்றே ஒன்றுதான் இடறியது. சென்னையில் கோடைப் பிற்பகலில் எழும் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. அந்த மூலையில் அடுப்படியை வைத்தால், வீட்டுக்குள் வரும் நல்ல காற்று முழுவதும் முதலில் அடுப்பைத் தொட்டுவிட்டு, தாளிப்பு வாசனையோடும் சூட்டோடும் ஹாலுக்கு வரும்.

இது பிளானில் தீராத சிக்கல். அடுப்படியை நகர்த்தினால் சித்தப்பா ஒப்ப மாட்டார். நகர்த்தாவிட்டால் காற்று கெடும். மூன்று கூட்டங்கள் இதிலேயே போயின. நான்காம் கூட்டத்தில் ஆர்க்கிடெக்ட் பிளானை எடுக்காமல் செக்‌ஷனை விரித்தார். அடுப்படி அக்னி மூலையிலேயே இருக்கும். அதற்கும் தென்மேற்குப் படுக்கையறைக்கும் நடுவில் தெற்குச் சுவரில் ஆறடி இடைவெளி விட்டு ஒரு சிறு முற்றம். காற்று அதன் வழியாகச் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து, மேற்கில் உள்ள மாடிப்படியின் வழியே ஏறி, மாடிப்படிக்கு மேலே மொட்டை மாடியில் எழும் கூண்டில் வைத்த லூவர்களால், அதாவது சாய்வான பட்டைகள் கொண்ட திறப்புகளால், வெளியேறும். சூடான காற்று தானாக மேலே போகும் என்பதால் கடற்காற்று வராத காலை நேரத்திலும் கூண்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும். அடுப்படியின் சூட்டுக்குத் தனியே கிழக்குப் பார்த்த சன்னலும் எக்ஸாஸ்டும். முதல் தளத்துக்கு அக்னி மூலை கட்டாயமில்லை என்று சித்தப்பாவே சொன்னதால், மாடியில் தென்கிழக்கு மூலை குடும்பம் உட்காரும் அறையாயிற்று. கோடை மாலைகளில் வீடு அங்கேதான் இருக்கிறது.

மேற்குச் சுவரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மாடிப்படி, கழிப்பறைகள், அலமாரிகள் எல்லாம் அந்தப் பக்கம் தள்ளப்பட்டு, மாலை வெயிலுக்கும் படுக்கையறைகளுக்கும் நடுவே நிற்கின்றன. வடக்குச் சன்னலுக்குச் சன்ஷேட் எதற்கு என்ற கேள்வி மட்டும் குறிப்பிடத்தக்கது. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சிக்கு வடக்கே பத்துப் பாகை சாய்ந்திருக்கும். இங்கே வடக்கு முகத்துக்கும் வெயில் உண்டு.

பூச்சின் கனம்

மனையடி சாஸ்திரப்படி அறையின் உள்ளளவு 6, 8, 10, 11, 16, 17 அடி என்று வரலாம். 7, 9, 12 முதல் 15வரை ஆகாது. பல ஆர்க்கிடெக்டுகள் இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பார்கள். இவர் சுளிக்கவில்லை. பதினொன்றுக்குப் பதினாறு நல்ல படுக்கையறை, பத்துக்குப் பதினொன்று நல்ல படிப்பறை. சாஸ்திரம் சொல்லும் எண்களில் வாழ முடியாத அறை எதுவும் இல்லை. ஆனால் அளவு எங்கிருந்து எங்கே என்பதில் சிக்கல் இருக்கிறது. செங்கல் சுவரின் உட்பக்கம் இருபுறமும் அரை அங்குலம் பூசினால், செங்கல்லுக்குச் செங்கல் சரியாக 11 அடி வைத்த அறை 10 அடி 11 அங்குலமாகிவிடும். சித்தப்பாவின் டேப் அந்த அங்குலத்தை மன்னிக்காது.

அதனால் கட்டுமான வரைபடத்தில் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு அளவுகள் எழுதப்பட்டன: மேலே செங்கல் அளவு, அடியில் கோடிட்டுப் பூச்சுக்குப் பிந்திய அளவு. மேஸ்திரி முதலில் சிரித்தார். சுவர் வரி எழும்போதே சித்தப்பா வந்து அளந்து, ஓரங்குலம் கூட இருக்கிறதே என்று கேட்ட அன்று, "பூச்சுக்குங்க ஐயா, மேடம் எழுதியே குடுத்திருக்காங்க" என்று தாளைக் காட்டியதும் அதே மேஸ்திரிதான். இதற்குச் செலவு எதுவும் ஆகவில்லை. மட்டத்தைப் பற்றியும் காற்றைப் பற்றியும் ஆர்க்கிடெக்ட் சொன்னதைக் குடும்பம் கேட்டுக்கொண்டதற்கு, இந்த ஓரங்குலத்துக்கு அவர் கொடுத்த மரியாதை பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ரேட்டும் அளவுப் பட்டியலும்

சதுர அடி ரேட் என்பது கேட்க எளிது, ஒப்பிடக் கடினம். ஒருவர் பால்கனியை முழுதாகக் கணக்கிடுவார், இன்னொருவர் பாதியாக; சம்ப் லிட்டர் கணக்கில் வரும், காம்பவுண்ட் சுவர் ஓட்டஅடிக் கணக்கில்; மாடிக் கூண்டு ஒருவருக்கு ரேட்டில் சேரும், ஒருவருக்குச் சேராது. நான்கடி பேஸ்மென்ட் வீட்டுக்கு இந்த ரேட் இன்னும் ஏமாற்றும். ஆர்க்கிடெக்ட் மண் வேலை, பைல், கான்கிரீட், கம்பி, செங்கல், பூச்சு, தட்டோடு என்று தனித்தனியாக அளவுப் பட்டியல் தயாரித்து மூன்று ஒப்பந்ததாரர்களிடம் விலை கேட்டார். சதுர அடிக்குக் குறைவாகச் சொன்னவரின் மொத்தம், நிரப்பு மண்ணையும் கூண்டையும் சேர்த்தபோது இரண்டாம் இடத்துக்கு ஏறியது. கான்கிரீட்டின் வலிமையைப் பார்க்கும் கியூப் சோதனை 7 நாளிலும் 28 நாளிலும் ஒப்பந்ததாரர் செலவில் நடக்க வேண்டும் என்பதும் பட்டியலிலேயே இருந்ததால் அதைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை.

கட்டட அனுமதி வழக்கமான காலத்தில் வந்தது. 2,500 சதுர அடிவரையுள்ள மனையில், தரைத்தளமும் ஒரு மாடியுமாக 3,500 சதுர அடிவரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்துவிட்டது. இதே வீட்டை இன்று தொடங்கினால் அந்த வழியில் போகலாம். அலுவலகம் முன்கூட்டி ஆராயாத அனுமதியில், பக்க இடைவெளியும் உயரமும் விதிக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு முழுக்க வரைகிறவர் தலையிலும் கையெழுத்துப் போடும் உரிமையாளர் தலையிலும் விழுகிறது.

2023 டிசம்பர்

டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் தெருவில் தண்ணீர் ஏறி, மூன்றாம் படியைத் தொட்டு, அதாவது 45 செ.மீ. உயரத்தில் நின்றது. திண்ணை நனையவில்லை. மீட்டரும் இன்வெர்ட்டரும் தப்பின. மின்வாரியம் தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்தியிருந்ததால் இன்வெர்ட்டர் இருந்தது உதவியது. கழிப்பறைகள் பொங்கவில்லை. மாடித் தண்ணீர் வடிகட்டி வழியாகச் சம்ப்புக்கும், நிரம்பியபின் களிமண்ணைத் தாண்டி இறங்கும் உறைகிணற்றுக்கும் போகும்படி செய்திருந்தார்கள். 120 சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 1,200 லிட்டர் வரும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த குடும்பம் இதில் கருத்தாக இருந்தது இயல்பு.

ஆனால் அந்தச் சம்ப் முழுவதும் கெட்டுப்போனது. இரண்டரை அடி உயரத்தில் முன்முற்றத்தில் நின்ற கான்கிரீட் பெட்டி பார்க்க நன்றாக இல்லை, ஸ்கூட்டரைத் திருப்ப இடைஞ்சல் என்று, கடைசிக் கட்ட வேலையின்போது வீட்டார் ஒப்பந்ததாரரிடம் நேராகச் சொல்லி மூடியைத் தரையோடு இறக்கிவிட்டிருந்தார்கள். ஆர்க்கிடெக்டின் மேற்பார்வை அதற்கு முந்தைய வாரம் முடிந்திருந்தது. மாற்றத்தை யாரும் வரைபடத்தில் ஏற்றவில்லை. தெருத் தண்ணீர் மூடி விளிம்பு வழியாக உள்ளே போயிற்று. சம்ப்பை இறைத்துக் கழுவிக் குளோரின் போட்டு முடிக்கும்வரை மேல்நிலைத் தொட்டியில் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள்.

ஜனவரியில் ஆர்க்கிடெக்ட் மறுபடி வந்தார். மூடி பழையபடி இரண்டரை அடிக்கு உயர்ந்தது. இம்முறை அதன் மூன்று பக்கமும் செங்கல் மேடை கட்டி, ஒரு பக்கம் துளசி மாடமும் மறுபக்கம் செருப்பு கழற்ற உட்காரும் இடமுமாக ஆக்கினார். ஸ்கூட்டர் நிறுத்தம் மேற்குப் பக்கத்துக்கு மாறியது. மின்கம்பி, குழாய், உடைத்தெடுக்கும் ஸ்லாப், சம்ப் எல்லாம் உண்மையில் இருக்கும் இடத்தோடும் மட்டத்தோடும் திருத்தி வரைந்த ஒரு தொகுதியை அவர் அப்போது கொடுத்தார். இந்தத் தொகுதியைத் தரும்போது இறுதித் தவணை என்று ஒப்பந்தக் கடிதத்தில் எழுதப்பட்டிருந்தது. மகன் அந்தத் தவணையைக் கட்டி, சம்ப் வேலைக்குத் தனியாக ஒரு பில்லையும் தீர்த்தார். ஏ.சி. பொருத்த வருகிறவர் சுவரைத் துளைப்பதற்கு முன் அந்தத் தாள்களைக் கேட்கிறாரா என்று இப்போது தாயார் பார்த்துக்கொள்கிறார்.